ஒரு காதில் தமிழ், ஒரு காதில் சிங்களம்

சண்டைப் படங்களில் இந்தக் காட்சி கட்டாயம் வரும். கதாநாயகன் ஒரு சுவருக்குப் பின்னால் பதுங்கியிருப்பான். காதில் கறுப்பு ஹெட்செட். அதை இரண்டு விரலால் தொடுவான். எங்கோ ஓர் அறையில் கணினிக்கு முன்னால் இருக்கும் பெண், "இடப்பக்கம் மூன்று பேர், வலப்பக்கம் வழி இருக்கிறது" என்பாள். அவன் தலையை ஆட்டிவிட்டு ஓடுவான். அவள் சொன்னபடியே மூன்று பேர் நிற்பார்கள். குண்டு வெடிக்கும், ஹெலிகொப்டர் இரையும், ஆனால் அவள் சொன்ன ஒரு சொல்கூட அவனுக்குத் தவறாது. "என்ன சொன்னீர்கள்?" என்று அவன் ஒருநாளும் திருப்பிக் கேட்கமாட்டான்.

திருகோணமலைக்குப் படம் எடுக்க வந்த குழுக்களிடம் நான் ஹெட்செட் வேலைதான் செய்தேன். திரையில் தெரியும் ஹெட்செட்டைச் சொல்லவில்லை. அது வெறும் பிளாஸ்டிக். அதன் வயர் நடிகரின் கொலருக்குள் இறங்கி அங்கேயே முடிந்துவிடும். நான் சொல்வது கமராவுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் போட்டிருப்பதை. படகு ஓட்டுகிறவன், வெடி வைக்கிறவன், உயரத்திலிருந்து குதிக்கிறவன், குதித்தவனைத் தூக்கக் காத்திருக்கிறவன் எல்லோரும் அதை நம்பித்தான் இறங்குவார்கள்.

ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கும் எனக்குச் சில நாட்களுக்கு முன் ஹம்தா தொலைபேசி எடுத்தாள். கிண்ணியாப் பிள்ளை. நான் விட்ட வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள்.

"அக்கா, புதுச் செட் வந்திருக்கு. எல்லாரும் ஒரே நேரத்தில கதைக்கலாம், எல்லாருக்கும் கேக்கும். அதோட போனில ஒண்டு பூட்டியிருக்காங்க. சிங்களத்தில சொன்னா தமிழில காதுக்குள்ள வருது. இனி நடுவில ஆள் தேவையில்ல எண்டு கதைக்காங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"நல்லா வேலை செய்யுதா?"

"நல்லாத்தான் செய்யுது."

"ஆக்கள் பதறிக் கத்தேக்கை?"

"அத இன்னும் பாக்கல்ல அக்கா" என்றாள்.

அந்தக் கருவி நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்கு ஏலாது. நான் அதைக் கண்ணால் காணவில்லை. நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அவளுடைய கேள்வி கொட்டியாரக் குடாவில் நடந்த ஒன்றை அப்படியே கிளறிவிட்டது. அதை இதுவரை நான் முழுதாக யாருக்கும் சொன்னதில்லை.

நான் கந்தளாயில் வளர்ந்தவள். அப்பாவுக்குச் சீனித் தொழிற்சாலையில் வேலை. குவாட்டர்ஸில் எங்களுக்கு ஒரு பக்கம் சிங்களக் குடும்பம், மறுபக்கம் முஸ்லிம் குடும்பம். சிங்களத்தை நான் படித்து அறியவில்லை, விளையாடி அறிந்தேன். பிறகு நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை கிடைத்தது. ஆங்கிலம் அங்கே ஒட்டிக்கொண்டது. நாட்டில் சண்டை முடிந்து கடற்கரைகள் திறந்தபின், சென்னையிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் படக்குழுக்கள் வரத் தொடங்கின. அவர்கள் எங்கள் ஹோட்டலில் தங்கினார்கள். அவர்களுக்குப் படகு, வாகனம், வோக்கி டோக்கி எல்லாம் ஒழுங்கு செய்து கொடுத்த நிறுவனத்தில் தொடர்புப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் மிஸ்டர் அல்வின். மட்டக்களப்புப் பறங்கியர். ஒருநாள் அவர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"மூண்டு நாளா அறையில இருந்து உங்கட குரலைக் கேக்கிறன். பத்துப் பேர் ஒரே நேரத்தில போன் அடிச்சாலும் உங்கட குரல் பதறுறதில்லை. என்னோட வேலைக்கு வாறீங்களா, மிஸ் விஜயா?"

அப்படித்தான் போனேன்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, மிஸ்டர் அல்வின்தான் பயிற்சி. நடந்துகொண்டிருக்கும் ஆளுடன் அவர் கதைக்கமாட்டார். அந்த ஆள் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். ஹெட்செட்டில் ஒருவர் சொல்வதைக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். யாராவது பிழை விட்டால் ஏசுவதில்லை. "திரும்ப" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு ஆறடிச் சண்டைக்காரர்களும் பயந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வோக்கியில் ஒரு குணம் உண்டு. பொத்தானை அழுத்தின உடனே கதைத்தால் முதல் எழுத்தை அது விழுங்கிவிடும். அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகுதான் கதைக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் இரண்டில் ஒன்று செத்துப்போகும், அல்லது இரண்டும் சேர்ந்து வெறும் கீச்சொலியாக வரும். ஆகவே முதலில் கூப்பிடுகிற ஆளின் பெயர், பிறகு உன் பெயர், பிறகு விஷயம். கேட்டவர் "சரி" என்று சொல்லித் தப்ப முடியாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். "சரி எண்டது ஒரு பதிலே இல்லை" என்பார் மிஸ்டர் அல்வின். "கேக்காதவனும் சரி எண்டுதான் சொல்லுவான்."

என் இடம் கரையில் ஒரு குடைக்குக் கீழே. ஒரு மேசை, ஒரு கதிரை, இரண்டு வோக்கி. இடது காதுக்கு வரும் அலைவரிசையில் சண்டைக் குழுவும் வெடிக்காரர்களும் இருப்பார்கள். அவர்கள் சென்னையிலிருந்து வருகிறவர்கள், அங்கே தமிழ். வலது காதில் படகுக்காரர்கள், அங்கே சிங்களம். இடது காதில் கேட்டதை வலது பக்கத்துக்குச் சொல்வேன், வலது காதில் கேட்டதை இடது பக்கத்துக்குச் சொல்வேன். ஒரு பக்கத்தின் சத்தம் மறுபக்கத்துக்குப் போகாது, என் வாய் வழியாகத்தான் போகும்.

அந்த வேலையில் என்னை முதலில் திடுக்கிட வைத்தது வெடியோ விபத்தோ அல்ல. ஒரு பெரிய கதாநாயகன், தானே பாறையிலிருந்து கடலுக்குள் குதிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். காலை முழுக்க எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். பாறை உச்சிக்குப் போனதும், பாதுகாப்புக்காக நாங்கள் அவருக்குப் பூட்டிவிட்ட மைக்கின் பொத்தான் எதிலோ மாட்டி அழுத்துண்டுவிட்டது. அவருக்குத் தெரியாது. எங்கள் எல்லோர் காதிலும் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு, "அம்மா, கால் நடுங்குதும்மா, என்னால முடியாதும்மா" என்று சின்னப் பிள்ளையைப் போல ஒரு குரல். பக்கத்தில் ஒரு பையன் சிரிக்க வாயெடுத்தான்.

மிஸ்டர் அல்வின் எழுந்தார். "எல்லாரும் ஹெட்செட்டைக் கழட்டுங்கோ. இப்பவே." தன்னுடையதையும் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, அந்த வயதில், பாறை மேல் ஏறிப் போனார். என்ன கதைத்தார் என்று எங்களுக்குத் தெரியாது. இறங்கி வந்து, "இண்டைக்கு அவர் குதிக்கேல்லை. காத்து சரியில்லை" என்று மட்டும் சொன்னார். காற்று நன்றாகத்தான் இருந்தது.

இனி அந்த நாள்.

படம் சென்னைக் குழுவுடையது. கதாநாயகன் வேகப் படகில் தப்பிப் போகிறான், அவனுக்குப் பின்னால் ஒரு பழைய மீன்பிடி வள்ளம் வெடித்துச் சிதறுகிறது. இதுதான் எடுக்க வேண்டிய காட்சி. கதாநாயகனுக்குப் படகு ஓட்டத் தெரியாது. ஆகவே எங்கள் படகுக்காரன் சுனில் அவருக்குப் பதிலாக ஓட்ட ஒப்புக்கொண்டான். சுனில் சிங்களப் பையன், முப்பது வயதிருக்கும். சந்தைத் தமிழ் கொஞ்சம் கதைப்பான். அவனைப்போல் படகு ஓட்டுகிறவனை நான் பார்த்ததில்லை, தண்ணீரில் சைக்கிள் விடுகிற மாதிரி இருக்கும். அன்றைக்கு அவனுக்குக் கதாநாயகனின் தோல் ஜாக்கெட், தலையில் பொய்முடி, அதன் மேல் அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் ஹெட்செட். பெரிய கிண்ணம் போன்ற பகுதி இடது காதை மூடியிருந்தது. வலது காதுக்குள் எங்கள் உண்மையான சின்னக் கேட்பான், கமராவுக்குத் தெரியாதபடி. மைக் கொலருக்குள், பொத்தான் சுக்கானில். அவன் மனைவி குசும் மதியச் சோறு கொண்டுவந்தவள், பொய்முடியைப் பார்த்துவிட்டு மணலில் உட்கார்ந்து சிரித்தாள்.

வெடிக்குப் பொறுப்பானவர் முருகேசன். சென்னைக்காரர். ஒவ்வொரு வயரையும், காய்ச்சல் வந்த பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோலத் தொட்டுப் பார்ப்பார். கவனமான மனிதர். அதை நான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஒழுங்கு இதுதான்: சுனில் வள்ளத்தைக் கடந்து, அதற்கு அப்பால் மிதக்கும் செம்மஞ்சள் மிதவையையும் தாண்ட வேண்டும். தாண்டியதை நான் கண்ணால் கண்டு, "கொடு" என்று தமிழில் சொல்வேன். முருகேசன் அழுத்துவார்.

அன்று மத்தியானத்திலிருந்தே எல்லாம் பிந்தியது. காற்று எழும்பியது. ஒரு வயர் நனைந்து முருகேசன் திரும்ப இழுக்க வேண்டியிருந்தது. உதவி இயக்குநர், இளம் ஆள், வெளிச்சம் போகிறதே என்ற தவிப்பில் இடது காதில் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "எப்ப சார்? எப்ப? முருகேசன் சார், எப்ப?" முருகேசன் ஒவ்வொரு முறையும், "இதோ சார், இதோ" என்றார்.

பிறகு உதவி இயக்குநர் என் மேசைக்கு வந்தார். "மேடம், நீங்க அங்க சொல்லி, இங்க சொல்லி, அதுலயே டைம் போகுது. எல்லாரையும் ஒரே சேனல்ல போட்டுடுங்க."

"ஏலாது" என்றார் மிஸ்டர் அல்வின்.

கடைசியில் இயக்குநரே வந்து கேட்டார். சூரியன் மலைக்கு மேல் ஒரு சாணளவில் நின்றது. அடுத்த நாளைக்குப் படகு இல்லை, அனுமதியும் இல்லை. மிஸ்டர் அல்வின் அரைமனதோடு ஒப்புக்கொண்டார். பிறகு ஒரு நிபந்தனை வைத்தார். அந்த அலைவரிசையில் கதைப்பது விஜயா மட்டும். மற்ற எல்லோரும் கேட்பது மட்டும். ஆபத்து என்றால் ஒழிய யாரும் பொத்தானைத் தொடக் கூடாது. அதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொன்னார், ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்ல வைத்தார். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள்.

சுனில் புறப்பட்டான். புகை இயந்திரங்களைத் திறந்தார்கள். காற்று அந்தப் புகையை நாங்கள் நினைத்த பக்கம் கொண்டுபோகவில்லை. அது முருகேசன் நின்ற மேடைக்கும் வள்ளத்துக்கும் நடுவே போய்ப் படுத்துக்கொண்டது. முருகேசனுக்கு எதுவும் தெரியாது. நான் இருந்த இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது.

படகு வள்ளத்துக்கு நேராக வந்தபோது இயந்திரத்தின் சத்தம் மாறியது. அடித்தொண்டையில் இருமுவதுபோல ஒரு சத்தம், பிறகு அதுவும் நின்றது. யாரோ விட்ட வலைக்கயிறு தண்ணீருக்கடியில் சுழலும் படகின் விசிறியில் சுற்றிக்கொண்டது என்று பிறகு தெரிந்தது. படகு வள்ளத்துக்குப் பக்கத்திலேயே தன் வலப்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மிதவை இன்னும் தூரத்தில்.

நான் பொத்தானை அழுத்தினேன். எனக்கு முந்தி சுனில் அழுத்திவிட்டான்.

சிங்களத்தில் வேண்டாம், செய்யாதே என்பதற்கு "எபா" என்பார்கள். சுனில் அதைத்தான் கத்தினான். "எபா, எபா." மூச்சு விட்டுக் கதைக்க அவனுக்கு நேரம் இல்லை. காற்றும் அலையும் கலந்து, நுனி முறிந்து, காதுக்குள் வந்தது ஒரு அவசரக் குரல் மட்டும். அடுத்த கணம் முருகேசனின் குரல் வந்தது.

"இப்ப சார். இப்ப."

நான் இரண்டையும் கேட்டேன். அந்தக் கணத்திலேயே விளங்கியும் விட்டது. அவன் வேண்டாம் என்கிறான். இவர் அதை "எப்ப" என்று கேட்டு, நாள் முழுக்கத் துரத்திய அதே கேள்வி என்று நினைத்து, பதில் சொல்லிக்கொண்டே, என் "கொடு"வுக்கும் காத்திராமல் அழுத்தப் போகிறார். என் விரல் பொத்தானில்தான் இருந்தது. நான் "நிப்பாட்டு" என்று கத்தியது என் காதுக்கே கீச்சொலியாகத்தான் திரும்பி வந்தது. ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெறுங்குரலில் கத்தினேன். வெறுங்குரல் எவ்வளவு தூரம் போகும்?

முதலில் வெளிச்சம். பிறகு தண்ணீர் ஒரு சுவரைப்போல எழும்பி, அதற்குள் நெருப்பு. பிறகுதான் சத்தம் வந்து என் நெஞ்சில் மோதியது. படகு நிமிர்ந்து நின்று, கவிழ்ந்தது. மொனிட்டருக்குப் பக்கத்தில் யாரோ, "ஷாட் ஓகே" என்றார். அந்தக் குரலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, ஆனால் அவருக்கும் அப்போது ஒன்றும் தெரியாது.

மீட்புப் படகு கிண்ணியா மஜீத் நானாவுடையது. அவர் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. எரிகிற பலகைகளுக்கு நடுவே போய், ஜாக்கெட்டைப் பிடித்துச் சுனிலைத் தூக்கினார். கரைக்குக் கொண்டுவந்தபோது பொய்முடி கருகி மண்டையில் ஒட்டியிருந்தது. வலது காதிலிருந்து இரத்தம். கண் திறந்திருந்தது. வாய் அசைந்தது, சத்தம் இல்லை. குசும் ஓடி வந்து அவனுடைய காலைப் பிடித்துக்கொண்டாள். காலை மட்டும்தான் தொடக்கூடியதாக இருந்தது. வான் வண்டியில் ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அதோடு முடியவில்லை.

படகுக்காரர் எல்லோருடைய வோக்கியும் அந்த ஒரே அலைவரிசையில்தான் இருந்தது. எல்லோரும் கேட்டிருந்தார்கள். சுனில் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினான், அந்தத் தமிழன் அவனைப்போலவே பேசிக்காட்டிவிட்டு அழுத்தினான். அவர்கள் காதில் விழுந்தது இதுதான். "இப்ப" என்பது அவர்களுக்குப் பரிகாசமாகக் கேட்டிருக்கிறது. இருட்டுப் படுமுன் இறங்குதுறையில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். முருகேசன் சாமான் வைக்கிற கொட்டிலுக்குள் தரையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கை தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"நான் கேட்டது அதான்க்கா" என்றார் என்னைக் கண்டதும். "எப்பன்னுதான் கேட்டுச்சு. சாமி சத்தியமா எப்பன்னுதான்."

எங்கள் ஊரில் இப்படியான ஒரு கதை இறங்குதுறையிலிருந்து சந்தைக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும், சந்தையிலிருந்து எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். என் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும். தயாரிப்பு மனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சுனில் எதுவுமே பேசல, செட் பழுதுன்னு நீங்க சொல்லிடுங்க மேடம். உங்களை எல்லாரும் நம்புவாங்க. யாருக்கும் பிரச்சினை இல்ல."

அவர் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

"அவன் கத்தினதை இருபது பேர் கேட்டிருக்கினம்" என்றேன். "நான் இல்லை எண்டு சொன்னா, நானும் சேர்ந்து செய்தது எண்டுதான் நினைப்பினம்."

மிஸ்டர் அல்வின் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார். சுனிலுக்கு உயிர் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். பிறகு கூட்டத்துக்குள் போய், சுனிலின் அண்ணன் ஜயசேனவுக்கு முன்னால் நின்றார். ஜயசேன அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். அவர் நிற்கும்வரை மிஸ்டர் அல்வின் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றதும் சிங்களத்தில் சொன்னார்: "உங்களுக்கு விளக்கம் சொல்ல நான் வரவில்லை. ஒரு விஷயத்தைக் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு உங்கள் விருப்பம்."

ஒரு படகின் இயந்திரத்தை ஓட விட்டார்கள். ஜயசேனவை அதற்குப் பக்கத்தில் உட்கார வைத்து அவருடைய காதில் ஹெட்செட்டை மாட்டினார்கள். "எபா" என்று கேட்டால் கையை உயர்த்த வேண்டும். நான் கொட்டிலுக்கு அப்பால், அங்கிருந்து பார்க்க முடியாத இடத்துக்கு வோக்கியுடன் போனேன். நான் சொல்வதைக் கேட்க அவர்களுடைய ஆளே ஒருவர், வயதான படகுக்காரர், என்னோடு வந்தார்.

பொத்தானை அழுத்தியதும் மூச்சு விடாமல், சுனில் கத்தியதுபோலக் கத்தினேன். ஒருமுறை சிங்களத்தில் வேண்டாம் என்றேன். ஒருமுறை தமிழில் எப்போது என்றேன். பிறகு மாற்றி மாற்றி. அந்தச் சொல் என் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சுனிலின் முகம் தெரிந்தது. என்னோடு வந்த கிழவர் விரலை மடித்துக்கொண்டே நின்றார். அவருடைய பத்து விரலும் மடிந்ததும் நிறுத்தினேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது எல்லோரும் ஜயசேனவைச் சுற்றி நின்றார்கள். நான் கத்திய ஒவ்வொரு முறையும் ஜயசேன கையை உயர்த்தியிருந்தார்.

"எல்லாமே எபாதானே?" என்று கிழவரிடம் கேட்டார்.

"இல்லை" என்றார் கிழவர். "பாதி, தமிழில் எப்போது என்று கேட்டது."

ஜயசேன ஹெட்செட்டைக் கழற்றவில்லை. அதைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்து, "அந்த ஆளுக்கு எங்கள் மொழி தெரியாதா?" என்று கேட்டார்.

"ஒரு சொல்லும் தெரியாது."

அவர் எழுந்து நேரே கொட்டிலுக்குள் போனார். எங்களில் யாருக்கும் தடுக்கத் துணிவு வரவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன். முருகேசன் எழும்ப முயன்று முடியாமல் சுவரைப் பிடித்தார். ஜயசேன அவருடைய கையை, ஆடிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பிடித்தார். தனக்குத் தெரிந்த தமிழில், "வா. ஆஸ்பத்திரி போவம்" என்றார்.

அன்றைக்கு முழுக்க நான் பலமுறை திடுக்கிட்டிருந்தேன். ஆனால் நான் மணலில் உட்கார்ந்தது அப்போதுதான்.

முருகேசன் சென்னைக்குத் திரும்பும்வரை ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சுனிலின் வலது காது போய்விட்டது. இடது காது தப்பிவிட்டது. அந்தப் பிளாஸ்டிக் கிண்ணம் அதை மூடியிருந்ததால்தான் தப்பியது என்று டொக்டர் சொன்னார். எதற்கும் உதவாத பொய் ஹெட்செட் ஒரு காதைக் காப்பாற்றியது. எங்கள் உண்மையான கேட்பான் இருந்த காதைக் காப்பாற்ற ஒன்றும் இருக்கவில்லை. நான் அவனுடைய இடது பக்கம் குனிந்து, என்ன நடந்தது, முருகேசன் என்ன கேட்டார் என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் முழுவதையும் கேட்டான். முருகேசனைப் பார்த்தான். பிறகு என்னிடம், "படம் சரியாக விழுந்ததா?" என்று கேட்டான். மருந்து மயக்கத்தில் கேட்கிறான் என்றுதான் நினைத்தேன்.

மிஸ்டர் அல்வின் அதற்குப் பிறகு யார் கேட்டும் அலைவரிசைகளை ஒன்றாக்க விடவில்லை. ஆபத்து என்றால் கத்துவதற்கு ஒரு தனிச் சொல்லையும் தேடினார். தமிழனும் சிங்களவனும் சென்னைக்காரனும் உடனே பிடிக்கக்கூடியதாக, கடலில் வேறு எதற்கும் யாரும் சொல்லாத சொல்லாக இருக்க வேண்டும். கடைசியில் "அலுமாரி" என்று வைத்தார். புதிதாக வருகிறவர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். அவர் சிரிப்பதில்லை. "திரும்ப" என்பார். அவர்கள் அலுமாரி, அலுமாரி என்று கத்திப் பழக வேண்டும். நான் ஓய்வு பெறும்வரை அந்தச் சொல்தான் இருந்தது.

முருகேசன் வெடி வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். சுனிலுக்கு நிறுவனம் நீண்ட இழுபறிக்குப் பிறகு செய்ய வேண்டியதைச் செய்தது. அவன் திரும்பப் படகு ஓட்டப் போனான், இடது காதை முன்னுக்குக் காட்டிக்கொண்டு.

படம் வெளிவந்து திருகோணமலைக்கும் வந்தது. நான் போவதாக இல்லை. சுனில்தான் குசுமையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து நின்றான். தமிழ்ப் படம், பக்கத்தில் இருந்து சொல்லித் தர ஆள் வேண்டும் என்றான். மறுக்க ஏலவில்லை.

தியேட்டர் நிறைந்திருந்தது. நான் சுனிலுக்கு இடது பக்கம், குசும் மறுபக்கம். அந்தக் காட்சியை வெட்டியிருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை எனக்கு இருந்தது. வெட்டவில்லை. புகைக்குள்ளிருந்து படகு சீறி வந்தது. நெருப்பு எழும்பியது. இயந்திரம் நின்றதும் படகு கவிழ்ந்ததும் இல்லை, அந்த இடங்களை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள். வெடிப்பதற்கு முந்திய கணத்தில் அந்தக் கறுப்பு உருவம் திரும்புவது, சுனில் சுக்கானில் பொத்தானை அழுத்தி வாயைத் திறந்தது, அது அப்படியே இருந்தது. அந்த வாய்க்குக் கதாநாயகனின் குரலைப் போட்டிருந்தார்கள். ஹெட்செட்டில் அவன், "வந்துட்டேன்" என்று தெளிவாக, ஆறுதலாகச் சொன்னான். எங்கோ ஓர் அறையில் இருந்த பெண்ணுக்கு அது சுத்தமாகக் கேட்டது. அவள் சிரித்தாள். தியேட்டர் விசில் அடித்தது.

குசும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். என்ன சொல்வது, எதை மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் நான் சுனிலின் பக்கம் திரும்பினேன்.

அவன் கை தட்டிக்கொண்டிருந்தான். திரையின் வெளிச்சம் விழுந்த முகத்தில், தழும்பு இல்லாத பக்கம், அப்படியொரு மலர்ச்சி. என்னிடம் சாய்ந்து, காது கேளாதவர்கள் கதைப்பதுபோலக் கொஞ்சம் உரக்கக் கேட்டான்:

"அக்கே, நான் நல்லா ஓட்டியிருக்கிறன், இல்லையா?"

ஓம் என்றேன். அவனுக்குக் கேட்டதா என்று தெரியாததால், இன்னும் கிட்டக் குனிந்து, திரும்பவும் ஓம் என்றேன்.